பாதி மாத்திரை

எஸ்தான்சியா என்ற மீன்பிடி ஊரின் கரையில் எதையும் முழுசாக வாங்குகிறவர்கள் குறைவு. அரை வெங்காயம், ஒற்றை சிகரெட், இரண்டு கரண்டி எண்ணெய். கருவாடு விற்கும் மெர்லிதா முப்பது வருஷமாக இப்படித்தான் குடித்தனம் நடத்தினாள். மாத்திரையையும் வெட்டலாம் என்று அவளுக்குத் தோன்றியதில் நான் குற்றம் காண மாட்டேன். தப்புதான், ஆனாலும் காண மாட்டேன்.

அவள் கணவன் இசித்ரோ படகுத்துறையில் மூட்டை சுமந்தவன். ரத்த அழுத்தம் ஏறி ஒருமுறை விழுந்தபின் கால் தள்ளாடி வீட்டோடு கிடந்தான். சுகாதார நிலையத்தில் அவனுக்கு முன்பு இரண்டு மாத்திரை கொடுத்தார்கள். பிறகு ஒன்றாக்கினார்கள்; ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் ரோஸ்.

"ரெண்டு மருந்தும் இதுக்குள்ளயே இருக்குக்கா. வெள்ளை ஒண்ணு, ரோஸ் ஒண்ணு," என்றாள் அங்கிருந்த நர்ஸ்.

மழைக்காலத்தில் மெர்லிதாவுக்கே தலை சுற்றியது. மருந்துக்கடையில் ரத்த அழுத்தம் பார்த்தபோது நூற்றுத் தொண்ணூறு. "இப்படியே விட்டா விழுந்துடுவீங்க," என்றான் கடைக்காரன். சுகாதார நிலையத்தில் பெயர் பதிவது காலையில். மீன் படகு வருவதும் காலையில்தான். அவள் போகவில்லை. தான் விழுந்தால் இசித்ரோவைக் கழிப்பறைக்கு யார் தூக்கிப் போவது என்ற பயம் மட்டும் அவளை அரித்தது. மறுநாள் மீன் கத்தியை எடுத்து மாத்திரையை நிறம் பார்த்துப் பிரித்தாள். வெள்ளை அவனுக்கு, ரோஸ் தனக்கு. ஆளுக்கொரு மருந்து.

அடுத்த மாதம் இசித்ரோவின் அழுத்தம் இன்னும் ஏறியிருந்தது. நர்ஸ் பாய்ந்தாள்.

"கருவாட்டுக்காரி புருஷனாச்சே! திருட்டுத்தனமா தின்னுறீங்க, அதானே?"

"ஒரு துண்டு வாயில வைக்கல. என் பொண்டாட்டியையே கேளுங்க!"

மெர்லிதா அவன் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள். அன்று முதல் அவன் உப்பே இல்லாமல் வெறுஞ்சோறு தின்றான். பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சை அறுத்தது. ஆனாலும் கத்தியைக் கீழே வைக்கத் துணிச்சல் வரவில்லை.

மூன்றாம் வாரம் கஞ்சிக் கிண்ணத்தோடு சாய்ந்தான். வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது.

"மாத்திரை தினமும் குடுத்தீங்களா?" என்று ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டார்.

"குடுத்தேன்."

"அப்போ அது இவருக்குக் கேக்கல. வேற மருந்து மாத்திடறேன்."

மெர்லிதா டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாத்தாதீங்க டாக்டர்! பாதிதான் குடுத்தேன். மீதிய நான் தின்னேன். பாவி, நான் தின்னேன்!" கண் திறந்து கிடந்த இசித்ரோவின் கட்டில் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

டாக்டர் திட்டவில்லை. "ஒண்ணு மட்டும் அவருக்கும் பத்தாது, உங்களுக்கும் பத்தாதும்மா. ரெண்டும் சேர்ந்தாத்தான் இறங்கும்," என்று அவள் கையில் அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றினார். இருநூற்றுப் பத்து. அவளுக்கும் தனியாகச் சீட்டு எழுதினார்.

நான்காம் நாள் இசித்ரோவுக்கு விழுங்க வந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் முழு மாத்திரையை அவன் இடக்கையில் வைத்தாள். அவன் அதை வாயில் போடவில்லை. மெர்லிதாவை நோக்கி நீட்டினான். கோணிய வாயைக் கூட்டிக் கூட்டி ஒரே ஒரு சொல்லை வெளியே தள்ளினான்.

"பா...தி."

"எனக்குத் தனியா குடுத்துட்டாங்க! நீ முழுங்கு இசித்ரோ, உன் கால்ல விழறேன், முழுங்கு!" என்று கதறினாள்.

அவன் மாட்டேன் என்று தலையாட்டினான். முப்பது வருஷத்தில் அவள் சொன்னதை அவன் நம்பாதது அதுதான் முதல் தடவை.