ஜன்னல் சட்டத்துக் குளவிகள்

ஓப்பநாயக்கவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் கொழுந்து லொறி ஓட்டுகிறேன். என் மனைவி அதே தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். இரண்டு வருடங்களுக்கு முன்பு, மரத்தில் தொங்கிய பெரிய குளவிக்கூட்டில் ஒரு கழுகு மோத, கலைந்த குளவிகள் கீழே மலையில் நின்ற பெண்கள்மேல் இறங்கின. அவளை என் லொறியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கண் திறக்க முடியாதபடி முகம் வீங்கியிருந்தது. நாலு நாளில் வீக்கம் வடிந்தது. பயம் வடியவில்லை. வேலைக்குப் பேர் கொடுக்கப் புறப்படுவாள், பாதி வழியில் திரும்பிவிடுவாள். பக்கத்து வீட்டுத் தையல் மெஷின் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொள்வாள். வீட்டில் பேச்சும் குறைந்துபோயிற்று.

அதனால் சமையலறை ஜன்னலுக்கு வெளியே, மேல் சட்டத்தில் ஒரு சின்னக் குளவி கூடு கட்டத் தொடங்கியிருப்பதைப் பார்த்ததும், அவள் கண்ணில் படுமுன் தட்டிவிட நினைத்து விளக்குமாற்றை எடுத்தேன்.

"விடுங்க," என்றாள் பின்னாலிருந்து. "நா அத நாலு நாளா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பயமா இல்லையா புள்ள?"

"இருக்கு. கண்ணாடி சாத்தித்தானே இருக்கு." கண்ணாடிக்கு அருகே வந்து, "பவ்ங்க, தனியா கட்டுது," என்றாள். பாவம் என்பதைச் சிங்களத்தில் சொல்லியே எங்களுக்குப் பழக்கம்.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்தால் கேட்பதற்கு எனக்குக் கதை இருந்தது. வேலியின் உளுத்த கட்டையைச் சுரண்டி, மென்று, அந்தக் கூழைக் காகிதம் போல மெல்லிசாக இழைத்துக் குளவி அறை அறையாகக் கட்டியது. அறைக்கு ஒரு முட்டை. புழுக்கள் பொரிந்ததும், எங்கள் போஞ்சிக்கொடியில் கம்பளிப்பூச்சி பிடித்து அரைத்து ஊட்டியது. பிறகு அறைகளுக்கு வெள்ளை மூடி விழுந்தது. ஒரு காலை நான் குளித்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள்.

"வந்து பாருங்க, ஒன்னு மூடிய கடிச்சிக்கிட்டு வெளிய வருது."

சோப்பு நுரையோடு போய்ப் பார்த்தேன். பிறந்தவை பிரிந்து போகவில்லை. அவையே கட்டைக்கும் இரைக்கும் அலைந்தன. தாய் பெரும்பாலும் கூட்டிலேயே இருந்தது.

"மூத்ததுங்க தங்கச்சிங்களுக்கு ஊட்டுது," என்பாள். அவள் சொல்லி முடிக்கட்டும் என்று நான் சோற்றை மெதுவாகச் சாப்பிடுவேன்.

மழை பிடித்த வாரத்தில் கூரைத் தகரத்தின் ஓட்டை வழியாகக் கூட்டின்மேல் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. குளவிகள் அந்தத் தண்ணீரை உறிஞ்சி வெளியே துப்பின. மறுபடியும் உறிஞ்சின. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு ஓர் உரப்பையை வெட்டி எடுத்தாள்.

"ஆணி அடிச்சா அதிரும். கம்பியால கட்டிருவோம்."

"நா கட்டுறேன், குடு."

"நீங்க ஸ்டூல புடிங்க."

தலையில் துணி சுற்றிக்கொண்டு ஏறினாள். குளவிகளெல்லாம் அவள் பக்கம் திரும்பி இறக்கையை உயர்த்தின.

"இறங்கிறு புள்ள."

"ஸ்டூல ஆட்டாதீங்க," என்றாள், மெல்லிய குரலில். ஸ்டூலின் காலை முழங்காலால் அணைத்துப் பிடித்தேன்.

தண்ணீர் கூட்டைத் தாண்டி விழும்படி பையைச் சரித்துக் கட்டிவிட்டு இறங்கினாள். ஒன்றும் கொட்டவில்லை. உள்ளே வந்து அடுப்பருகே உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் வேலைக்குப் பேர் கொடுத்தாள். கங்காணி அவளுக்கு ரோட்டோர நிரையைக் கொடுத்திருந்தார். பகல் கொழுந்து நிறுவைக்கு நான் லொறியோடு போனபோது, மற்றப் பெண்களுக்கு நடுவே பையை இறக்கி வைத்துக்கொண்டு நின்றாள். எங்கோ ஒரு வண்டு இரைந்தது. அவள் தலை சட்டென்று நிமிர்ந்தது. காதைப் பொத்திக்கொள்ளவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.