நான்காம் வீடு காலி

நம்பாதவர்களுக்குக் காட்ட என்னிடம் ஒரு காகிதம் இருக்கிறது. நகராட்சி முத்திரை, தேதி, கையெழுத்து எல்லாம் அதில் உண்டு. நாற்பத்தாறு ரூபாய் வரித் தள்ளுபடிக்கான உத்தரவு. அந்தக் காகிதம் சொல்வது பொய். நான் சொல்லப்போவதுதான் நடந்தது.

1991. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தேன். மனைவியின் நகைகளை விற்று, மேலே கடனும் வாங்கி, ராஜபாளையத்தில் ஐந்து லைன் வீடுகளை வாங்கிப் போட்டேன். ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் வரிசையாக ஐந்து கதவுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அறை, ஓர் அடுப்படி, தெருப்பக்கம் ஒரு ஜன்னல். பின்வாசல் கிடையாது. மாத வாடகை தொண்ணூறு ரூபாய். ரசீது கொடுப்பதில்லை. ரசீது கொடுத்தால் நினைத்த நேரத்தில் ஆளைக் கிளப்ப முடியாது. வருமானமும் கணக்கில் ஏறிவிடும்.

வீடுகளை எனக்கு விற்ற ஐயாதுரைதான் அந்த வழியையும் சொல்லிக் கொடுத்தார். அரை வருஷத்தில் ஒரு மாதத்துக்கு மேல் வீடு காலியாகக் கிடந்தால் வீட்டு வரியில் பாதி தள்ளுபடி உண்டு. மனு எழுதிப் போட வேண்டும். பில் கலெக்டர் நேரில் வந்து பார்ப்பார். என்றைக்கு வருவார் என்று சொல்ல மாட்டார். வந்தால் முற்பகலில்தான் வருவார். ஆகவே மனு போட்ட வாரம் முழுக்கப் பத்து மணிக்குக் குடியிருப்பவரை உள்ளே வைத்து வெளியே பூட்ட வேண்டும். பன்னிரண்டு மணிக்குத் திறந்துவிட வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் ஒவ்வொரு வீடு.

"ராத்திரி வேலைக்குப் போற பொம்பளையாப் பாத்துக்கிடுங்க, தம்பி. எப்படியும் பகல்ல உறங்கத்தான போறா?"

யாரும் தகராறு செய்ததில்லையா என்று கேட்டேன்.

"ஒருத்தியும் வாயத் திறந்ததில்ல," என்றார். வெற்றிலையைத் துப்ப எழுந்து போனார்.

நான்காம் வீட்டு அழகுத்தாயைப் பிடித்தேன். புருஷன் விட்டுப் போனவள். பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் ராத்திரி வேலை. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை.

"பிள்ள அழுதா என்ன செய்ய, அண்ணாச்சி?" என்றாள்.

"அழாமப் பாத்துக்கோ. முடியலைன்னா வேற வீடு பாத்துக்கோ."

அவளுக்கு முன்பணம் கொடுத்து வேறு வீடு பிடிக்க வழியில்லை. அது எனக்கும் தெரியும்.

மனுவைப் போட்டுவிட்டு, சங்கத்தில் லீவும் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை வந்து பூட்டினேன். எதிரே டீக்கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பில் கலெக்டர் வரவில்லை. நடுவில் ஒரு தடவை குழந்தை வீரிட்டது. உடனே நின்றது. எப்படி நிறுத்தினாள் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் செவ்வாய், செப்டம்பர் 17. காலை 10.05.

கையில் பூட்டும் சாவியுமாக நான்காம் வீட்டுக் கதவைத் தள்ளினேன். ஜன்னல் அடைத்திருந்தது. கூரையின் கண்ணாடி ஓடு வழியாகக் கொஞ்சம் வெளிச்சம். சுவரோடு சாய்ந்து அவள் உட்கார்ந்திருந்தாள். தலையில் முக்காடு. முந்தானையை வாயோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். முகம் தெரியவில்லை.

குழந்தையைக் காணோம்.

அடுப்படியில் தூங்கும் என்று நினைத்துக்கொண்டேன். நேற்று அவள் துணிப்பெட்டி இருந்த மூலை வெறுமையாக இருந்தது. கொடியில் துணி இல்லை. வீடு பூராவும் பஞ்சு வாடை. நேற்று இந்த வாடை இல்லையே...

அவள் இருமினாள். நெஞ்சைக் கிழிக்கிற இருமல்.

எனக்குக் கோபம் வந்தது. "பில் கலெக்டர் வார நேரம். மூச்சு விடப்படாது. வெளங்குதா?"

தலையை ஆட்டினாள். முந்தானையை இன்னும் கொஞ்சம் வாய்க்குள் தள்ளினாள்.

நான் வெளியே போகத் திரும்பினேன். கதவு மூடியிருந்தது. நான் மூடவில்லை.

இழுத்தேன். வரவில்லை.

வெளியே நாதாங்கி விழுந்தது. பிறகு பூட்டு மாட்டும் சத்தம்.

க்ளிக்.

என் பூட்டு என் கையில் இருந்தது.

"யாரு வெளிய? திறங்க," என்று கத்தினேன். கத்தினேன் என்றுதான் நினைத்தேன். சத்தம் வரவில்லை. நாக்கில் ஏதோ ஒட்டியது. விரலை விட்டு எடுத்தேன். வெள்ளை நூல். இழுக்க இழுக்க வந்தது. பஞ்சும் நூலுமாக... தொண்டைக்குள்ளிருந்து.

10.40. மில் சங்கு ஊதியது. எனக்கு நன்றாகக் கேட்டது. வெளிச் சத்தம் எல்லாம் கேட்டது. டீக்கடையில் டம்ளர் கழுவுவதுகூட.

11.17. மொபெட் சத்தம். வாசலில் நின்றது.

பில் கலெக்டர் ஹயக்ரீவன். அவர் செருமலை எனக்குத் தெரியும். கதவைத் தட்டினார். மூன்று தட்டு.

"உள்ள யாராவது இருக்கேளா?"

இரண்டு கையாலும் கதவை அடித்தேன். தோல் கிழிந்தது. மரத்தில் ரத்தம் பட்டது. சத்தம் இல்லை... பஞ்சு மூட்டையில் குத்தியது போல.

அவருக்கும் எனக்கும் நடுவே ஒன்றரை அங்குலப் பலகை.

பின்னால் இருமல் நின்றுவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். சுவரோரம் அவள் இல்லை.

கழுத்தில் ஈரத் துணி பட்டது.

காதுக்குள் அவள் குரல்.

"மூச்சு விடப்படாது. வெளங்குதா?"

என் வார்த்தைகள். என் அதட்டல்.

வெளியே பேனா மூடி திறந்தது.

"காலிதான்," என்றார் ஹயக்ரீவன்.

மொபெட் போய்விட்டது.

பன்னிரண்டு மணி ஆனது. பன்னிரண்டுக்கு வந்து திறக்க வேண்டியவன் நான்.

நான் உள்ளே இருந்தேன்.

ஒரு மணி... இரண்டு... மூன்று...

மாலை 5.40. கதவு திறந்தது. தோளில் குழந்தையோடு அழகுத்தாய் வாசலில் நின்றாள்.

"என்ன அண்ணாச்சி, இருட்டுக்குள்ள நிக்கிய? நாதாங்கிகூடப் போடலையே, வெறுமனதான சாத்தியிருக்கு?"

அவள் தோள் வழியாகத் தெரு தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். மூலையில் அவள் பெட்டி. கொடியில் குழந்தையின் கவுன். எல்லாம் அதனதன் இடத்தில்.

ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் கண்டதாம். வேலைக்குப் போகாமல், விடிந்ததும் முதல் பஸ்ஸில் தேவதானத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய் வைத்தியம் பார்த்துவிட்டு வருகிறாளாம். சொல்லாமலும் வீட்டைப் பூட்டாமலும் போனதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். என் கைகளைப் பார்த்ததும் குழந்தையை இறுக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

அக்டோபரில் உத்தரவு வந்தது. 'வீடு பூட்டப்பட்டிருந்தது. தட்டிப் பார்த்ததில் உள்ளே ஆள் அரவம் இல்லை.' நாற்பத்தாறு ரூபாய் தள்ளுபடி.

அதை எடுத்துக்கொண்டு ஐயாதுரையிடம் போனேன். நான்காம் வீட்டில் முன்னால் யார் இருந்தது என்று மட்டும் கேட்டேன். அவர் என் கைத் தழும்புகளைப் பார்த்தார்.

"ஞானபாக்கியம்னு ஒருத்தி. பஞ்சுத் தூசியில வேலை பார்த்து நெஞ்சு கெட்டுப் போன பொம்பள. ஓயாம இருமுவா. எம்பத்தி நாலுல அவளை வச்சுத்தான் பூட்டினேன். இருமல் கேட்டா காரியம் கெட்ரும், மூச்சு விடப்படாதுன்னு சொன்னேன். பில் கலெக்டர் வந்தாரு, தட்டினாரு, போயிட்டாரு. ஒரு சத்தம் இல்ல. பன்னெண்டு மணிக்குத் திறந்தேன்..."

வெற்றிலைப் பெட்டியை மூடினார்.

"முந்தானைய வாய்க்குள்ள திணிச்சிருந்தா, தம்பி. ஒரு முழம் இருக்கும். செத்த பொறவும் உருவ முடியல. சொன்னா சொன்னபடி கேக்கிறவ."

நான் எழுந்தேன். வாசல் வரைக்கும் கூடவே வந்தார்.

"ஆனா அந்தத் தடவை நான் போட்டது பொய் மனு இல்ல," என்றார். "அதுக்குப் பொறவு ரெண்டு மாசம் வீடு நெசமாவே காலியாத்தான் கெடந்தது."