கூடைக்குள் மூடிய வேர்ப்பலா

என் வீட்டுக்காரருக்குள் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். நான் கழுத்தை நீட்டியது ஒருவருக்குத்தான், வடித்துக் கொட்டுவது இருவருக்கும். முதல் ஆள் தங்கம். காரவள்ளியிலிருந்து மலையேறும் பஸ்ஸில் யாராவது வளைவு தாங்காமல் வாந்தி எடுத்தால், தன் கையிலிருக்கும் எலுமிச்சம்பழத்தைக் கொடுப்பார், தண்ணீர் பாட்டிலைக் கொடுப்பார், துடைத்துக்கொள்ளத் தோளில் கிடக்கும் துண்டையும் கொடுத்துவிட்டு வெறும் தோளோடு வீடு வந்து சேருவார். இரண்டாவது ஆள் வருஷத்தில் முக்கால்வாசி நாள் தூங்குகிறவர். பலா பழுக்கத் தொடங்கினால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

என் அண்ணனும் லேசுப்பட்டவர் இல்லை. எங்கள் ஊர் வாழவந்தி நாட்டில் யார் வீட்டில் துக்கம் என்றாலும் பந்தல் போட முதலில் போய் நிற்பவர் அவர்தான். அதே மனுஷன், எங்கள் மரத்து மிளகுக்கொடி ஒரு முழம் அவர் பக்கம் எட்டிப் பார்த்தால், அந்த ஒரு முழத்தை மட்டும் ஒரு மணிகூட விடாமல் பறித்துக்கொண்டு போவார். கேட்டால், "கொடிதானுங்க என்னைத் தேடி வந்துச்சு" என்பார்.

இந்த இரண்டு பேரின் தோட்டமும் பக்கத்துப் பக்கத்துத் தோட்டம். நடுவே, சரியாக வரப்பின் மேல், ஒரு பலாமரம். எங்கள் கல்யாணத்தின்போதே என் அப்பாவும் மாமனாரும் பேசி முடித்திருந்தார்கள்: அடிமரத்தில் கிழக்கே பார்த்துத் தொங்குவது எங்களுக்கு, மேற்கே பார்த்துத் தொங்குவது அண்ணனுக்கு. பெரியவர்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மரத்துக்கு வேர் என்று ஒன்று இருப்பதையும், அதிலும் பலா காய்க்கும் என்பதையும் அவர்கள் யோசிக்கவில்லை.

போன வருஷம் வேரில் காய்த்தது. மண்ணைப் பிளந்துகொண்டு, வரப்புக்கு நேர்கோட்டில், குப்புறப் படுத்த பன்றிக்குட்டி மாதிரி ஒரு காய். முதலில் பார்த்தவர் என் வீட்டுக்காரர். அண்ணன் கண்ணில் படக்கூடாது என்று சருகை அள்ளிப் போட்டு, அதன்மேல் சாணிக் கூடையைக் கவிழ்த்து, கூடைமேல் முள்ளையும் வெட்டி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல வீட்டுக்கு வந்து காபி கேட்டிருக்கிறார். என்னிடம்கூட மூச்சு விடவில்லை.

எனக்கு அப்போது இரண்டாவது மசக்கை. பக்கத்துத் தெருவில் கடுகு வெடித்தாலே குமட்டும். காய் பழுக்க ஆரம்பித்த அன்றைக்கே என் மூக்கு நேராகக் கூடைக்குப் போய்விட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், பலாவை மறைக்க முடியுமா? அண்ணனுக்கு மசக்கை இல்லையே தவிர மூக்கு இருந்தது. மறுநாளே வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, மரத்தடியில பழவாசம் தூக்குதுங்களே?"

"அப்படீங்களா மச்சான்? எனக்கு ரெண்டு நாளாச் சளீங்க. ஒண்ணும் தெரியலீங்க."

சொல்லிவிட்டு ஒரு தும்மல் வேறு தும்மினார். நடிப்பு என்றால் அப்படி ஒரு நடிப்பு. அண்ணன் காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அவர் டம்ளரைக் கவிழ்த்தால் ஏதோ வரப்போகிறது என்று எனக்குத் தெரியும்.

சோளக்காடு சந்தையில் வந்தது. நாங்கள் மிளகு விற்கப் போன இடத்தில், பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேர் முன்னாலும் அண்ணன் ஆரம்பித்தார். எங்கள் பக்கத்தில் ஒரு விசேஷம், சண்டை எவ்வளவு முற்றினாலும் 'ங்க' மட்டும் குறையாது.

"கேட்டிருந்தா நானே வெட்டிக் கொண்டாந்து குடுத்திருப்பேனுங்க. மூஞ்சிக்கு நேராச் சளின்னு பொய் சொல்றீங்களே!"

"என்ற பக்கத்துல மொளைச்சதுக்கு உங்களை எதுக்குங்க கேக்கோணும்?"

"சரீங்க. அப்ப உங்க புள்ளைக்கு மடியையும் உங்க பக்கத்துலயே பாத்துக்கங்க."

அந்தக் கடைசி வார்த்தை என் தலையில்தான் வந்து விழுந்தது. அடுத்த வாரம் என் மகளுக்கு மொட்டையடித்துக் காது குத்துவதாக இருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் எங்களில் யாரும் குழந்தைக்குக் காது குத்துவதில்லை. எனக்கு இருப்பது ஒரே அண்ணன். அப்பா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அவர்தான். அவர் வராவிட்டால் அந்த வாசல் எனக்கு மூடிப்போனது என்று அர்த்தம்.

முறைப்படி புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய் அழைக்க வேண்டும். இவர் வரமாட்டேன் என்றுவிட்டார். சளியாம். நான் மட்டும் தாம்பூலத் தட்டோடு போனேன். அண்ணன் தட்டை வாங்கிக்கொண்டு, "பாக்கலாம் கண்ணு" என்றார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். வரப்பில் திரும்பி நடக்கும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. என்னையும் பத்தரைமாற்றுத் தங்கம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்றுவிட்ட அண்ணன் மடியில் உட்கார வைத்து, அதைப் போட்டோ எடுத்து, சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸப் குழுவில் போட்டு என் அண்ணன் வயிறு எரிய வைக்க வேண்டும் என்று வீடு வரும்வரை திட்டம் போட்டேன்.

காதுகுத்துக்கு முந்தின நாள் காலையில் கூடை மட்டும் இருந்தது, பழத்தைக் காணோம்.

என் வீட்டுக்காரரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். திருடனுக்குத் தேள் கொட்டினால் என்ன செய்வான்? பொய் சொல்லி ஒளித்துவைத்த பழம் காணாமல் போய்விட்டது என்று யாரிடம் போய்ச் சொல்வது? அன்றைக்கு முழுக்க முற்றத்தில் நடந்துகொண்டே இருந்தார். நான் மட்டும் அக்கறையாக, "ஏனுங்க, சளி பரவால்லீங்களா?" என்று கேட்டேன்.

மறுநாள் குலசாமி கோயிலில் எல்லோரும் வந்து சேர்ந்தாகிவிட்டது. மொட்டையும் அடித்தாகிவிட்டது. அடிவாரத்திலிருந்து வந்திருந்த ஆசாரி, திரும்பிப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டால் வேறு வண்டி இல்லை என்று கையைப் பிசைந்தார். மனைப்பலகை காலியாகக் கிடந்தது. ஒன்றுவிட்ட அண்ணன் வேட்டியை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார். நேற்றுவரை நான் போட்ட திட்டம்தான், ஆனால் அவரைப் பார்த்ததும் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்போது என் வீட்டுக்காரர் குறுக்கே கையை நீட்டினார்.

"கொஞ்சம் இருங்க. என்ற மச்சான் வருவாருங்க. பஸ்ஸுப் போனா ஆசாரியை நானே வண்டியில கொண்டுபோயி உடறேன்."

முதல் ஆள் பேசினார். அந்த ஒரு பேச்சுக்காக அவருடைய இரண்டாவது ஆளை இன்னும் பத்துப் பலாக்காலம் சகித்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது.

கொஞ்ச நேரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. அண்ணன் ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால் அண்ணி, மடியில் பெரிய சீர்த்தட்டு. தட்டில் சட்டை, கம்மல், வாழைப்பழம், நடுவில் பாதியாகப் பிளந்த பலாப்பழம். கோயில் முழுக்க வாசம் எழுந்தது. திருடிய பொருளையே பறிகொடுத்தவனுக்குச் சீர் கொண்டுவந்த தாய்மாமனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சீரை இரண்டு கையாலும் வாங்க வேண்டும், வாங்கும்போது ஒரு வார்த்தை பேசக்கூடாது. இவர் வாங்கினார், பேசவில்லை.

அண்ணன் மனையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். ஊசி இறங்கியதும் மகள் வீரிட்டாள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அண்ணனுக்குக் கன்னமெல்லாம் கண்ணீர், "முடிஞ்சுது சாமி, முடிஞ்சுது" என்று அவள் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். இவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு சுளையை எடுத்துக் கொட்டையை நீக்கி, அவள் வாயில் வைத்தார். அழுகை நின்றது.

எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. சரியாக அந்த நேரத்தில் இவர் அண்ணன் காதருகே குனிந்தார்.

"ஏனுங்க மச்சான், மறுபாதி?"

"அது என்ற பங்குங்க மாப்பிள்ளை. வேரு ரெண்டு பக்கமும் ஓடுதில்லீங்களா?"

இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள்.

பத்துப் பதினைந்து நாள் கழிந்து புல் அறுக்கப் போனேன். மரத்தடியில் மறுபடியும் ஒரு கூடை கவிழ்ந்து கிடந்தது. தூக்கிப் பார்த்தால், அதே வேரில் இன்னொரு பிஞ்சு. கூடை எங்களுடையது இல்லை. அண்ணி நாமக்கல்லில் வாங்கிய பச்சைப் பிளாஸ்டிக் கூடை.

வயிற்றில் இருப்பதற்கும் ஒரு மடி வேண்டும். கூடையை இருந்தபடியே கவிழ்த்து, மேலே ரெண்டு கை சருகையும் அள்ளிப் போட்டுவிட்டு, சளி பிடித்தவள்போல மூக்கை உறிஞ்சிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.