‘ங்க’ இல்லாத கடல்

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று கேட்டவர்களுக்கு… நடந்தது இதுதான்.

1. கோவாவில் நான் முன்பு வேலை பார்த்த படகு கட்டும் கூடத்தின் முதலாளி கொச்சிக்குக் குடிமாறினார். அவருடைய சின்னப் பாய்மரப் படகும் மாற வேண்டியிருந்தது.

2. “நீயே ஓட்டிட்டு வந்துடேன்” என்றார். சரி என்றேன். படகு ஓட்டும் சான்றிதழ் என்னிடம் இருக்கிறது.

3. “நானும் வாரேனுங்க” என்றார் என் கணவர் பிரபு. அவருக்குக் கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை. கடலை அதுவரை கரையில் நின்று பார்த்ததோடு சரி.

4. கார்வார், மால்பே, மங்களூரு, பேப்பூர், கொச்சி என்று துறைமுகம் துறைமுகமாக நின்று நின்று வந்தோம்.

5. மங்களூருக்குக் கொஞ்சம் முன்னால் பிரபுவின் நெற்றியை உடைத்தேன்.

6. கொச்சி வாசலில் ஒரு கப்பல் வந்தது.

கடைசி இரண்டை மட்டும் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்னால் கடலைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் யாராவது போர்வெல் போட்டால் முதல் கேள்வி, “எத்தனை அடியில தண்ணி?” என்பதுதான். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவர், கரை கண்ணை விட்டு மறைந்த முதல் நாள் காலையில் படகின் முனையில் போய் உட்கார்ந்தார். டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“இத்தனையும் சும்மா கெடக்குதுங்களே” என்றார்.

நான் இன்ஜினியரிங் படித்தவள். அலையின் உயரம், நீளம், வேகம் எல்லாவற்றுக்கும் என்னிடம் சூத்திரம் உண்டு. ஆனால் அவர் சொன்ன பிறகு பார்த்தபோது, எனக்கும் சூத்திரம் எதுவும் ஞாபகம் வரவில்லை.

சரி… ஐந்தாவது விஷயம்.

பாயின் அடிவிளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓர் அலுமினியக் கம்பம் படுக்கையாக இருக்கும். ஏறக்குறைய ஆள் தலை உயரம். பின்காற்றில் ஓடும்போது படகைத் திருப்பினால் பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அடிக்கும். கம்பமும் கூடவே வரும். நடுவில் தலை இருந்தாலும் நிற்காது. ஆகவே திருப்புவதற்கு முன்னால் கேப்டன் ‘குனி’ என்று கத்த வேண்டும். உலகம் முழுக்க இதற்கு ஒற்றைச் சொல்தான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“ஏனுங்க… கம்பம் வருதுங்க, கொஞ்சம் குனிஞ்சுக்கறீங்களா?”

அவர் “என்னங்க?” என்று திரும்பினார். கம்பம் வந்துவிட்டது.

கொங்கு நாட்டு வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு நான் ‘ங்க’, எனக்கு அவர் ‘ங்க’. சண்டை போட்டாலும் ‘ங்க’ போட்டுத்தான் போடுவோம். கிளம்பும்போது அம்மா போனில் சொன்னதே அதுதான்: “அம்மணி, மாப்பிள்ளைய நீ வா, போன்னு பேசிப்போடாத. சுத்தீலும் ஆளுக இருப்பாங்க.”

சுற்றிலும் மீன்கள்தான் இருந்தன.

மங்களூரு மீன்பிடித் துறைமுகத்தை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். கரையை ஒட்டி ஒரு படகு, அதை ஒட்டி இன்னொன்று, அதை ஒட்டி மற்றொன்று என்று வரிசை வரிசையாகக் கட்டியிருப்பார்கள். கடைசிப் படகில் இருப்பவர் கரைக்குப் போக வேண்டுமென்றால் எல்லாப் படகுகளின் மேலும் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். ஐஸ் உடைக்கும் சத்தம், டீசல் புகை, தலைக்கு மேல் பருந்துகள். நெற்றியில் துண்டை அழுத்திக்கொண்டு பிரபு ஏறி இறங்கியபோது, ஒவ்வொரு படகிலும் யாரோ ஒருவர் கைகொடுத்தார். எந்த ஊர், என்ன பாஷை என்று ஒருவரும் கேட்கவில்லை.

மூன்று தையல். “கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண்” என்றார் டாக்டர்.

படகுக்குத் திரும்பியதும் நான் போனை எடுத்தேன். மங்களூரிலிருந்து கோயமுத்தூருக்கு நேராக ரயில் இருக்கிறது.

“நீங்க ஊருக்குப் போயிருங்க. நான் இங்க ஒரு ஆளப் புடிச்சுக்கறேன்” என்றேன்.

“அடிபட்டது எனக்குங்க. டிக்கெட் நீங்க எதுக்குப் போடறீங்க?”

“வெளையாடாதீங்க. கண்ணு போயிருக்கும்.”

“கம்பத்து மேல தப்பு இல்லீங்க. நீங்க சொன்னதுல பாதி வாரதுக்குள்ள அது முழுசா வந்துருச்சு. படகுல ‘ங்க’ வேண்டாமுங்க.”

அதையும் ‘ங்க’ போட்டுத்தான் சொன்னார்.

மறுநாள் காலை, கட்டிப்போட்ட படகிலேயே ஒத்திகை. நான் ‘குனி’ என்று சொல்ல வேண்டும், அவர் குனிய வேண்டும். கேட்க எவ்வளவு எளிது? எனக்கு வாய் வரவில்லை. “குனி…” என்று ஆரம்பித்து, தானாகவே “…ங்க” என்று முடிந்தது. முறைத்தார். மறுபடியும். மறுபடியும் ‘ங்க’.

பக்கத்துப் படகில் வலை தைத்துக்கொண்டிருந்தவர் கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர். ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அண்ணன் காலையில இருந்து குனிஞ்சு குனிஞ்சு எந்திரிக்காரு… ஏதும் வேண்டுதலா?”

விஷயத்தைச் சொன்னோம். சிரித்து முடிக்கவே அவருக்கு நேரமாயிற்று. “எங்க ஊருல ‘குனியும்’னு சொல்லுவோம். மரியாதையும் ஆச்சு, சின்னதாவும் ஆச்சு” என்றார்.

“வேண்டாமுங்க. அப்புறம் நான் நாடகத்து ராஜா மாதிரி நிமிந்து நிப்பேன்” என்றார் பிரபு.

ரயில் ஏறவில்லை. ஒத்திகையும் தேறவில்லை. அங்கிருந்து கொச்சி வரைக்கும், அவர் தலையைப் பார்க்காமல் நான் ஒருமுறைகூடப் படகைத் திருப்பவில்லை. பேப்பூர் ஆற்றங்கரையில் முழுக்க மரத்திலேயே கட்டிக்கொண்டிருந்த பிரம்மாண்டமான ‘உரு’க் கப்பலை எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் மட்டும் பிரபுவின் நெற்றிக் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஆறாவது.

கொச்சித் துறைமுக வாசல். கப்பல்கள் போக ஆழமாக வெட்டிய கால்வாய், இரு பக்கமும் மிதவைகள். சாயங்காலக் காற்று பின்னாலிருந்து நன்றாகத் தள்ளியது. கால்வாயின் ஓரமாகத்தான் வந்துகொண்டிருந்தோம். பாயோடு சேர்த்து ஓட்டிவந்த சின்ன இன்ஜின் திடீரென்று நின்றது. மிதந்து வந்த நைலான் வலைத் துண்டு ஒன்று தண்ணீருக்கடியில் படகைத் தள்ளும் விசிறியில் சுற்றிக்கொண்டுவிட்டது. நீரோட்டம் எங்களை மெல்ல நடுக் கால்வாய்க்கு இழுத்தது. பிரபு பாய்மரத்தடியில் நின்று ஒரு கயிற்றுச் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தார். நான் முன்னால் வந்த பயணிகள் படகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்தான் பின்னால் பார்த்தார்.

“ஏனுங்க… பின்னால பெரியவரு ஒருத்தர் வாராருங்க.”

திரும்பினேன். கன்டெய்னர் கப்பல். நேர் பின்னால். ஐந்து முறை குட்டிக் குட்டியாக ஊதியது. கடல் பாஷையில் அதற்கு ‘நீ என்ன செய்கிறாய் என்றே எனக்குப் புரியவில்லை’ என்று அர்த்தம். அவ்வளவு பெரிய உருவம் நினைத்தவுடன் நிற்காது, ஒதுங்கவும் இடமில்லை. நான்தான் ஒதுங்க வேண்டும், அந்தக் கணமே. ஒதுங்க ஒரே வழி, படகைத் திருப்புவது. திருப்பினால் கம்பம் வரும். கம்பத்தின் வழியில், நெற்றிக் கட்டோடு, நிமிர்ந்து நின்றுகொண்டிருக்கிறார் பிரபு. அடித்தால் அவர் விழுவது கப்பலுக்கு முன்னால்.

“குனி!”

என் குரல்தானா அது? கேட்டதுமே அவர் தளத்தோடு தளமாகப் படுத்துவிட்டார். சுக்கானைத் தள்ளினேன். கம்பம் அவர் முதுகுக்கு மேலே விசிலடித்துக்கொண்டு போயிற்று. படகு மிதவையைத் தாண்டி வெளியே பாய்ந்தது.

பிறகு கப்பல் கடந்து போனது. அதை எப்படிச் சொல்வது? நீலச் சுவர் ஒன்று நகர்கிறது. தெரு நீளத்துக்கு, முடியாமல், நகர்ந்துகொண்டே இருக்கிறது. வெயில் போயிற்று. காற்றையும் அது மறைத்துவிட்டதால் எங்கள் பாய் துவண்டு தொங்கியது. வெகு உயரத்தில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் எட்டிப் பார்த்துக் கையசைத்தார். நானும் அசைத்தேன். அவருக்கு நாங்கள் தண்ணீரில் விழுந்த கைக்குட்டை மாதிரி தெரிந்திருப்போம். அப்படி ஒன்றைத் தாண்டும்போதும் கையசைக்கத் தோன்றியிருக்கிறதே!

சுவர் முடிந்தது. வெயில் வந்தது. பாய் மறுபடி நிரம்பியது.

தளத்தில் குப்புறப் படுத்திருந்தவரிடமிருந்து குரல் வந்தது.

“இனி எந்திரிக்கலாமுங்களா?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவராகவே எழுந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் கை இன்னும் சுக்கானிலேயே இருந்தது. அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டார். கரை சேரும்வரை எடுக்கவில்லை.

மரியாதை நல்லதுதான். ஆனால் அதற்கும் மூச்சு வேண்டும், நேரம் வேண்டும் இல்லையா? இரண்டும் இல்லாத இடத்தில் பிடித்தவர்களுக்கு நாம் கொடுக்கக்கூடியது ஒரு மொட்டைச் சொல்தான்.

இன்றைய நிலவரம்: படகு கொச்சியில் பத்திரமாக இருக்கிறது. தையல் பிரித்தாயிற்று. லட்சத்தீவு வரை ஒரு நடை போய்வர முடியுமா என்று படகின் முதலாளி கேட்டிருக்கிறார். பிரபு சரி என்றுவிட்டார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.