மாட்டை அவிழ்த்துவிட்டாளா?

எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரில், ஓர் ஆணியில், பழைய மாட்டுக் கயிறு ஒன்று தொங்குகிறது. நார் பிரிந்த கயிறு. வெள்ளையடிக்க வந்தவர் அதைக் குப்பையில் போடப் போனபோது நான் போட்ட சத்தத்தில் மனிதர் ஏணியை விட்டே இறங்கிவிட்டார். அதன் அருமை எனக்கும் என் மாமியாருக்கும்தான் தெரியும்.

நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடம் எடுக்கிறேன். பருவநிலை மாற்றம் மனிதர்களை என்ன பாடுபடுத்துகிறது என்று புத்தகத்தை வைத்துச் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அதனால் ஆவணப்படங்களைத் தேடிப் பிடித்துப் போட்டுக் காட்டுவேன். வகுப்புக்கு முன் நான் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அதற்கு வாய்த்த இடம், அதிராம்பட்டினத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருந்த மாமியாரின் ஓட்டு வீடு. கணவர் சிங்கப்பூரில் இருந்ததால் விடுமுறை நாட்களில் அங்கே போய்விடுவேன். மதியச் சாப்பாட்டுக்குப் பின் டிவியில் படம் ஓடும். நான் தமிழில் சொல்லிக்கொண்டே வர, அத்தை முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கியபடி பார்ப்பார்.

பார்ப்பார் என்றா சொன்னேன்? சண்டை போடுவார். பனிமலை உருகினால் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருவார். மனிதர்கள் வந்தால் நகரமாட்டார். ஒரு படத்தில் எங்கோ ஒரு தேசத்துக் கடலோரக் கிராமம். வெள்ளம் ஏறுகிறது, ஒரு பெண் படகில் ஏற மறுத்து வாசலிலேயே நிற்கிறாள். பின்னால் கொட்டகையில் ஒரு மாடு. "கெளம்புடி! வூட்டக் கட்டிக்கிட்டு அழுவியா?" என்று அத்தை டிவியை அதட்டினார். அடுத்த காட்சியில் அவள் முகாமில் உட்கார்ந்திருந்தாள். யாரோ ஒரு விஞ்ஞானி கடல் மட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"அந்த ஆளு கெடக்கட்டும். மாட்ட அவுத்துவுட்டாளா இல்லையா?"

"அதக் காட்டலையே அத்தை."

"அப்பறம் என்னத்தப் படம் எடுத்தான்? கயித்தோட வுட்டாலும் முள்ளுல மாட்டிக்கிட்டு முழுவிப் போயிடும். கழுத்துலேருந்து கழட்டி, கயித்த ஆணில மாட்டிட்டுல்ல கெளம்பணும்."

அதற்குப் பிறகு நான் எந்தப் படத்தைப் போட்டாலும் முதலில் அந்த மாட்டைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் உட்காருவார். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

பிறகு எங்கள் கடற்கரைக்கே புயல் வந்தது. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடச் சொல்லி முதல் நாளே மைக்கில் அறிவித்துவிட்டார்கள். அத்தையோ போனில், "மாட்ட வுட்டுட்டு நான் எங்கயும் போறதா இல்ல" என்றார்.

"படத்துல அவள அந்தத் திட்டு திட்டினீங்க?"

"அவ வேற, நான் வேற" என்று வைத்துவிட்டார். அதற்குப் பின் லைன் கிடைக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து கணவர் என்னைக் கூப்பிட்டு, "அம்மா எடுக்கல, அம்மா எடுக்கல" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

காற்று அடங்கியதும் கிளம்பினேன். பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. விழுந்து கிடந்த தென்னைகளைத் தாண்டித் தாண்டி நடந்து போய்ச் சேர்ந்தால், வீட்டுக்குக் கூரை இல்லை. 'அத்தை' என்று கூப்பிடப் பயமாக இருந்தது. பதில் வராவிட்டால் என்ன செய்வேன்? சத்தமில்லாமல் கொல்லைக்குப் போனேன். கொட்டகையும் இல்லை, மாடும் இல்லை. விழாமல் நின்ற சுவரில், ஆணியில், சுருட்டி மாட்டிய கயிறு சொட்டிக்கொண்டிருந்தது.

சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கழற்றி மாட்டியிருக்கிறார். அப்படியென்றால் கிளம்பியிருக்கிறார். போன உயிர் திரும்பி வந்தது.

பள்ளிக்கூட வராந்தாவில் வேறு யாருடைய புடவையையோ சுற்றிக்கொண்டு அத்தை உட்கார்ந்திருந்தார். ஓடிப் போய்க் கட்டிக்கொண்டேன். "அவுத்துவுட்டும் போவல, என்னையே பாத்துக்கிட்டு நிக்கிது. நான் நின்னா அதுவும் நிக்கும்னு தெரிஞ்சுது. அதான் வந்துட்டேன்" என்றார். மறுநாள் காலை, முழங்கால் வரை சேறோடு மாடு தானாகவே வந்து, கொட்டகை இருந்த இடத்தில் நின்று கத்தியது.

இப்போது தளம் போட்ட வீடு. போன வாரம் பழைய படத்தை மறுபடியும் போட்டேன். அந்தப் பெண் முகாமில் உட்கார்ந்திருக்கும் இடம் வந்ததும் அத்தை நிறுத்தச் சொன்னார். அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கொல்லைக் கதவு வழியே, ஆணியில் தொங்கும் கயிற்றைப் பார்த்தார்.

"அவுத்துவுட்டுட்டுதாம்மா வந்துருக்கா. இல்லன்னா வந்துருக்க மாட்டா. நீ மேல போடு."