நான் தைக்க மறுத்த எட்டாவது மடிப்பு

என் மகள் எழுதியது பேய்க் காதல் கதை. அதை வெளியே சொல்லவே எனக்கு வெட்கமாக இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் விளக்கேற்றி முருகனைக் கும்பிடாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவள் நான். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கமிருந்து கல்கத்தாவுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. வங்காளி பேசுவேன், படிக்க வராது. அவளோ வங்காளியில்தான் எழுதுவாள். தமிழ் அவளுக்கு வீட்டுக்குள் பேசுவதற்கு மட்டும்.

பவானிபூரில் எங்களுக்கு அப்பளமும் காப்பித்தூளும் புழுங்கலரிசியும் விற்கிற சின்னக் கடை. கடைக்கு மேலே ஒரே அறை, ஒரு அடுக்களை. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அவள் அப்பா பி.காம். என்றார். அவள், காகிதம், அச்சு, பைண்டிங் எல்லாம் சொல்லித்தருகிற படிப்பு ஒரு கல்லூரியில் இருக்கிறது, அதுதான் வேண்டும் என்றாள். நேர்காணலுக்கு ஒரு புத்தகம் செய்து கொண்டுபோக வேண்டுமாம். உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் யார் எந்த வேலையைச் செய்தார்கள் என்று கடைசிப் பக்கத்தில் எழுதிவிட வேண்டுமாம்.

"இடம் கெடச்சா போ. கெடைக்கலன்னா பி.காம். பொறவு அழப்படாது" என்றார் அவர். அவளும் ஒத்துக்கொண்டாள்.

உதவிக்கு ஆள் நான்தான். மேல்வீட்டு வங்காளி அண்ணி, பௌதியிடம் காந்தா தையல் கற்றுக்கொண்டு, பழைய சேலைகளை அடுக்கிப் போர்வை தைத்துப் பழகிய கை என்னுடையது. நூல் ஓடுகிற கணக்கு எனக்குத் தெரியும். அவள் தாள்களை நாலு நாலாக மடித்து எட்டு மடிப்பு வைத்திருந்தாள். ஒவ்வொன்றின் முதுகிலும் குத்தூசியால் துளை போட்டு, மெழுகு தடவிய நூலால் ஒன்றோடொன்று கோத்துத் தைக்க வேண்டும். தைத்ததை அரிசி டின்னுக்கு அடியில் வைத்து அமுக்க வேண்டும்.

நான் ஒரு நிபந்தனை போட்டேன். "என்ன எழுதிருக்கன்னு தெரியாம ஊசி போட மாட்டேன். சாமி படத்துக்கு முன்னாலதான் இது ராத்திரி பூரா கெடக்கப் போவுது. படிச்சுச் சொல்லு, தைக்கேன்."

"துர் மா! ஒனக்குத் தமிழ்ல சொல்லதுக்குள்ள நான் கெழவி ஆயிருவேன்" என்று பாதி வங்காளியில் சலித்துக்கொண்டாள்.

ஆனாலும் சொன்னாள். மத்தியானம் நான் சுவரில் சாய்ந்து தைக்க, அவள் தட்டுத் தடுமாறித் தமிழாக்கிச் சொல்லுவாள். ஒரு நாளைக்கு ஒரு மடிப்பு. நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஏரியில் படகு விடப் பழகும்போது மூழ்கிச் செத்துப்போன ஒரு பையன். பனி இறங்குகிற காலையில் மட்டும் படித்துறையில் வந்து உட்காருவான். எப்போதும் சட்டை நனைந்திருக்கும். டியூஷனுக்குப் போகிற ஒரு பெண் அவனைப் பார்க்கிறாள். அவன் கையைப் பிடித்தால் அவள் கண்ணாடி வளையலில் ஆவி படியும். இவ்வளவுதான் அவர்களுடைய காதல். அதற்கு மேலே தப்பாக ஒன்றுமில்லை. மூன்றாம் மடிப்பிலேயே எனக்கு அந்தப் பையன் மேல் பாவமாகிவிட்டது.

"ஏட்டி, அவனுக்கு வீட்ல யாரும் எள்ளுந் தண்ணியும் விடலியா? ஒரு உருண்டை சோறு வைக்கலியா? அதான் இப்பிடி ஈரத்தோட அலையுதான்."

"கதைமா இது. வெறும் கொல்போ, கட்டுக்கதை."

எனக்கு மனசு ஆறவில்லை. சாப்பாடு போடும்போது அவரிடம் சொன்னேன். பேய்க்குக் காதலா என்று அவர் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. பிறகு ரசத்தைப் பிசைந்துகொண்டே, "அமாவாசைக்குக் கங்கையில எங்க அப்பாவுக்குத் தண்ணி விடுதேம்லா, கடைசியில ஆருமத்தவங்களுக்குன்னு ஒரு கை விடச் சொல்லுவாரு ஐயரு. அதுல ஒம் பேயும் வந்துட்டான். போதுமா?" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "பொறவு என்ன ஆச்சு அவனுக்கு?" என்று கேட்டார். அதுவரை அந்தப் புத்தகத்தை அவர் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. மறுநாளிலிருந்து மத்தியானம் கடையைப் பாதி அடைத்துவிட்டு மாடிக்கு வந்து கேட்டார்.

திங்கட்கிழமை நேர்காணல். சனிக்கிழமை எட்டாவது மடிப்பைப் படித்தாள். அந்தப் பெண் பனிக்குள் படித்துறையில் இறங்குகிறாள். முழங்கால், இடுப்பு, தோள். அவன் கையை நீட்டுகிறான். தண்ணீர் மூடிக்கொள்கிறது. முடிந்தது.

நான் ஊசியைப் பஞ்சுத் திண்டில் குத்தி வைத்தேன்.

"இதத் தைக்க மாட்டேன்."

"மா, நாளன்னைக்கு இண்டர்வியூ!"

"மாத்தி எழுது. தைக்கேன்."

"ஒனக்காக மாத்த மாட்டேன். ஏழு மடிப்பு கேட்டல்லா, அவ வேற என்ன பண்ணுவா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மாட்டேன் என்று மட்டும் தெரிந்தது. அவர் கடைக்கு இறங்கிப் போனார். அவள் அழுதாள். நான் சாமி முன்னால் உட்கார்ந்து, பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுக்கிறேனா, காக்கிறேனா, நீயே சொல்லு முருகா என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்த் திரும்பினால், அவளே எட்டாவதைத் தைத்து வைத்திருந்தாள். வெள்ளை நூல் தீர்ந்துபோய் என் காந்தா டப்பாவிலிருந்து சிவப்பு நூலை எடுத்திருக்கிறாள். ஒரு துளை கிழிந்திருந்தது. முடிச்சு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. கோணல் மாணலாக, மற்ற ஏழோடும் ஒட்டாமல் தொங்கியது. கை பரபரத்தது எனக்கு. "குடு, துளையையாவது சரி பண்ணுதேன்" என்றேன். கொடுக்கவில்லை. அதற்குமேல் எதையும் பிரிக்காமல் மைதாப் பசை கிண்டி, என் பழைய சேலையில் தைத்த அட்டைத்துணியை ஒட்டினாள்.

திங்கட்கிழமை நான்தான் கூடப் போனேன். அவளை உள்ளே கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து என்னையும் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நரைத்த முடியோடு ஒரு அம்மாள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார்.

"மாஷிமா, 'முதல் ஏழு மடிப்பு அம்மா தைத்தது, எட்டாவது நான், அம்மா மறுத்ததால்' என்று உங்கள் மகள் எழுதியிருக்கிறாள். ஏன் மறுத்தீர்கள்?" என்று வங்காளியில் கேட்டார்.

போச்சு, இடம் போச்சு என்று நினைத்தேன். சனிக்கிழமை வராத பதில் அங்கேதான் வந்தது. எனக்குத் தெரிந்த வங்காளியில் சொன்னேன்: "அந்தப் பெண்ணுக்கும் ஒரு அம்மா இருப்பாள்தானே? அவள் ஏரியில் இறங்கும்போது வீட்டில் ஒருத்தி டிபன் டப்பா மூடிக்கொண்டிருப்பாள். எட்டு மடிப்பில் ஒரு இடத்தில்கூட அந்த அம்மா இல்லையே. அவளுக்குத் தெரியாமல் என்னால் எப்படித் தைக்க முடியும்?"

நரைத்த முடி அம்மாள் என் மகள் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்கிறாய்?"

"அந்த அம்மாவை நான் யோசிக்கவேயில்லை" என்றாள்.

"தையல் மோசம், தெரியுமா?"

"தெரியும்."

"அதை மறைக்காமல் விட்டிருக்கிறாய்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மெதுவாக மூடினார். அந்த முகத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பதினோரு நாள் கழித்துப் பட்டியல் வந்தது. அவள் பெயர் இருந்தது. அவள் அப்பா வந்த வாடிக்கையாளர்களிடமெல்லாம், "எம் பொண்ணு புஸ்தகம் கட்டப் படிக்கப் போறா" என்று கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார்.

நேற்று மத்தியானம் அவள் அந்தச் சிவப்பு நூலை அறுத்து எட்டாவது மடிப்பை மட்டும் தனியாக எடுத்தாள். தனியாகத் தைத்திருந்ததால் மற்ற ஏழும் அசையாமல் நின்றன. வெற்றுத் தாள்களை மடித்து வைத்துக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து உட்கார்ந்தாள். நான் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"மா, நான் அப்பிடி எறங்கிப் போயிருந்தா நீ என்ன பண்ணுவ? நெஜமா சொல்லு."

"அடுப்பை அணைப்பனோ என்னவோ, செருப்பு போட மாட்டேன். ஓடி வருவேன். படித்துறையில நின்னு ஒம் பேரச் சொல்லிக் கத்துவேன்."

"நான் திரும்பலன்னா?"

வாழைக்காயைக் கீழே வைத்தேன். "அவனக் கூப்பிடுவேன். 'ஏ தம்பி, எத்தன நாளைக்கு ஈரத்தோட நிப்ப? அவளக் கூட்டிக்கிட்டு நீயும் வீட்டுக்கு வா. சோறு இருக்கு, சாப்பிடு'ன்னு சொல்லுவேன்."

பேனாவை எடுத்தவள் நிறுத்தினாள். "அவன் பேய்மா. சாப்பிட முடியாது."

"நீ எழுதுட்டி," என்றேன். "சாப்பிடுவான்."