என் காதில் விழுந்த எச்சரிக்கை

பெரகல சந்தியில், ஒரு கடையின் தகரக் கூரைக்குக் கீழே மழைக்கு ஒதுங்கி நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. கையில் இருந்த போன் அதிர்ந்தது. மலைச்சரிவுகளில் குடியிருப்பவர்கள் கவனமாக இருக்கவேண்டும், மண் சரியும் அபாயம் உண்டு என்று சிங்களத்தில் ஒரு செய்தி. நான் சரிவில் இல்லை. தார் ரோட்டோரம் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். சரிவில் இருப்பவர் என் அம்மா. கொஸ்லந்தைக்கு மேலே, அம்மா கொழுந்து பறிக்கும் தேயிலைத் தோட்டம். மண்மேட்டை முதுகில் வைத்துக்கொண்டு நிற்கும் கீழ் லயத்தில், தொழிலாளர்களின் ஒட்டு வீட்டு வரிசையில், எங்கள் வீடு.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன். பதில் இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கேட்டால், இடுப்பில் கட்டியிருந்த நனைந்த சாக்கை அவிழ்த்துப் பிழிந்துகொண்டே, "அப்பிடியா? எங்களுக்கு ஒன்னும் சொல்லலையே" என்றார்.

அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

அப்போது பதுளையில், ஒரு துணிக்கடையின் மாடியில் இருக்கும் சிறிய தொண்டு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மறுநாளே பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னேன். தோட்டத்தில் ஒரு மழைமானி வைப்போம். மழை அளவு மீறினால், ஒரு மென்பொருள் லயத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் தானாகவே போன் எடுக்கட்டும். எழுத்துச் செய்தி வேண்டாம். வருவதெல்லாம் கம்பெனி விளம்பரம் என்று அம்மா எதையும் திறப்பதே இல்லை. குரல் வரட்டும், எங்கள் பேச்சிலேயே வரட்டும்.

பொறுப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற பொறியியலாளர். என்னைப் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். "நல்ல யோசனை பிள்ளை. செய்வம்" என்றார். அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கரண்ட் போனால் என்ன ஆகும், பாதியில் அழைப்பு அறுந்தால் திரும்ப எடுக்குமா, மழைமானி பொய்யான அளவு அனுப்பினால் எப்படி நிறுத்துவது, எல்லாவற்றையும் யோசித்து எழுதினேன். வெளியிட்ட பிறகு மலைக்கு ஓடி ஓடித் திருத்திக்கொண்டிருக்க முடியாது. முதல் நாளிலேயே சரியாக ஓடவேண்டும். குரலையும் நானே பதிவு செய்தேன்: "மழ கூடிருச்சு. புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு மேல ஸ்கூலுக்குப் போங்க. சாமான் எடுக்க நிக்காதீங்க."

நம்பர்களைப் பெரட்டில் சேர்த்தோம். காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் அந்த இடத்தில்தான் எல்லாரையும் ஒன்றாகப் பிடிக்கலாம். "வீட்டு போன் நம்பர் சொல்லுங்க" என்று கேட்டோம். ஒருவர்கூடத் தடுமாறவில்லை, மனப்பாடமாகச் சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒத்திகைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். அன்றைக்குத்தான் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். இது வெறும் ஒத்திகை, பயப்படாதீர்கள் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு லயத்து வாசலில் நின்றேன். பதுளையில் என் சக ஊழியர் பொத்தானை அழுத்தினார். "எல்லாம் போகுது, எடுக்குறாங்க, திரையில பச்சையா வருது" என்று குரல் செய்தி அனுப்பினார்.

லயத்தில் ஒரு சத்தமும் இல்லை. யார் வீட்டிலோ டி.வி. ஓடியது. பீலியடியில் தண்ணீர் விழுந்தது. கடைசி வீட்டில் மட்டும் ஒரு போன் அடித்தது. அடுத்து என் கையில் இருந்த போன் அடித்தது. எடுத்தேன். "மழ கூடிருச்சு" என்று நானே எனக்குச் சொன்னேன்.

துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், "ஏம்மா என் நம்பரக் குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"வீட்டு நம்பர்னு கேட்டாங்க. எதுக்குக் கேட்டாலும் ஒன் நம்பரத்தானே குடுக்குறோம். ஆஸ்பத்திரிக்கு, பேங்குக்கு, எல்லாத்துக்கும் அதான."

பக்கத்தில் குடத்தோடு நின்ற அத்தை விடவில்லை. "ஒம் மவ பேச்ச நாங்க யாரும் கேக்குறதில்லன்னு, அவளே அவளுக்குப் பேசிக்கிறா பாரு."

சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் லயம் முழுக்கப் போன்கள் அடிக்கத் தொடங்கின. என் மென்பொருள் இல்லை, கொழும்பு. கடைகளிலும் ஹோட்டல்களிலும் பெரிய வீடுகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள். எந்தப் படிவம் வந்தாலும் எங்கள் ஆட்கள் வாசிக்கத் தெரிந்த பிள்ளையின் நம்பரைத்தான் கொடுப்பார்கள்; வெளியுலகத்தோடு பேசுவது பிள்ளையின் வேலை. எச்சரிக்கை முழுவதும் கொழும்புக்குப் போயிருந்தது. அங்கே அவர்களுக்கு யாரும் ஒத்திகை என்று சொல்லவில்லை. கொழும்பில் இருக்கும் அடுத்த வீட்டு அண்ணன் போனில் அழுவது எனக்கு வெளியே கேட்டது. "நாங்க நல்லாத்தான்டா இருக்கோம், வெயிலடிக்குதுடா" என்று அவருடைய அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார்.

சில வீடுகளுக்குக் கடைசிவரை யாரும் கூப்பிடவில்லை. அந்தப் பிள்ளைகள் எச்சரிக்கையைக் கேட்டிருப்பார்கள். வீட்டுக்குப் போன் எடுக்க முதலாளி விட்டிருக்கமாட்டார்.

மறுநாள் பொறுப்பாளரிடம் சொன்னேன். வெளியீட்டு விழாவைத் தள்ளிப்போடுங்கள், நம்பர்களைத் திரும்ப எடுக்கவேண்டும், அதுவும் போதாது என்றேன். வேலை நாளில் லயத்தில் இருப்பது பிள்ளைக்காம்பரா என்ற காப்பகத்தில் விட்டுப்போகும் குழந்தைகளும் நடக்கமுடியாதவர்களும்தான். போன் இருப்பவர்களும் அதை வீட்டில் வைத்துவிட்டுத்தான் மலைக்குப் போவார்கள்.

அவர் கணினித் திரையைக் காட்டினார். "எல்லாரும் எடுத்திருக்கினம் தானே பிள்ளை. பிள்ளையள் தாய்மாருக்குச் சொல்லியும் இருக்கினம். வேலை செய்திருக்கு."

"கொழும்புலதான் சார் வேலை செஞ்சிருக்கு. கொழும்புல எந்த மலை சரியப்போகுது?"

"ஏன் இப்பிடிக் கோவப்படுறீர்? பிரதம விருந்தினர் திகதி தந்திட்டார். பேனரும் அடிச்சாச்சு. இதுகளை ரெண்டாவது வேர்ஷன்ல பாப்பம்."

அவர் கெட்டவர் இல்லை. குரலைக்கூட உயர்த்துவதில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. குத்துவிளக்கு எங்கே வைப்பது, மாலை யார் போடுவது, பாற்சோறு எத்தனை பேருக்கு என்று ஒரு முழுக் கூட்டம் நடத்தினோம். அதே மேசையில், அந்த எச்சரிக்கை கீழ் லயத்துக்குக் கேட்குமா என்று கேட்டால் நான் கோபக்காரி. கொஸ்லந்தைப் பக்கம் பஸ் போகும்போது, முன்பு மண் சரிந்து லயங்கள் ஆட்களோடு புதைந்த இடத்தில் இன்றைக்கும் உள்ளே பேச்சு நின்றுவிடும். அந்த பஸ்ஸில் இவர்களில் ஒருவரும் ஏறியதில்லை. மண்மேடு எங்கள் ரெண்டாவது வேர்ஷனுக்காகக் காத்திருக்காது என்று சொல்லிவிட்டுக் கதவை அடித்துச் சாத்தினேன். கீழே துணிக்கடைக்காரர் மேலே பார்த்தார்.

கோபத்தோடுதான் தோட்டத்துக் கோவில் தலைவரிடம் போனேன். லயத்தில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும் ஒரே சத்தம் கோவில் ஒலிபெருக்கி. ஒரு மலிவான போனை அதில் இணைத்துவிட்டால், என் மென்பொருள் அந்தப் போனைக் கூப்பிடும், ஒலிபெருக்கி பேசும். யார் எந்த நம்பரைக் கொடுத்தார்கள் என்பது பிரச்சினையே இல்லை.

"சாமிக்கு வாங்குன செட்டும்மா அது" என்றார்.

"சாமி வீடும் அந்த மேட்டுக்குக் கீழதான் மாமா இருக்கு."

"வாய் மட்டும் ஒங்க அப்பன் மாதிரியே" என்று சொல்லிச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

பொறுப்பாளருக்கு நேற்று எழுதி அனுப்பிவிட்டேன். மென்பொருளை இயக்கத்துக்கு விடும் கடவுச்சொல் என்னிடம் இருக்கிறது. ஒலிபெருக்கியோடு இன்னொரு ஒத்திகை வைத்து, அது சரியாக வராமல் அதைத் தரமாட்டேன். வேலையிலிருந்து நிறுத்தினாலும் பரவாயில்லை. திரையில் பச்சை பார்க்க வேண்டாம், நேரில் வாருங்கள், அட்டை கடிக்கும், அதற்கேற்ற சப்பாத்து போட்டுவாருங்கள் என்றும் எழுதினேன். வருகிறேன் என்று ஒரே சொல்லில் பதில் வந்தது.

நாளைக் காலை வேலை நாள். பெரட்டு முடிந்து எல்லாரும் மலை ஏறிய பிறகு என் சக ஊழியர் பதுளையில் பொத்தானை அழுத்துவார். பிள்ளைக்காம்பரா அக்கா ஒலிபெருக்கியைக் கேட்டதும் குழந்தைகளோடு ஸ்கூலுக்கு நடக்கவேண்டும். இந்தத் தடவை கொழும்பில் இருக்கும் பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே சொல்லியாயிற்று. நானும் பொறுப்பாளரும் லயத்தில் நிற்கப்போவதில்லை. மேல் மலையில், அம்மா கொழுந்து பறிக்கும் நிரையில் நிற்கப்போகிறோம். நடக்கமுடியாதவர்களைத் தூக்க ஆட்கள் அங்கிருந்துதான் இறங்கி வரவேண்டும். அந்தத் தூரத்துக்குக் குரல் வருமா, காற்று வேறு பக்கம் அடித்தால் என்ன செய்வது, எனக்குத் தெரியாது. எனக்குக் கேட்டதா, அவருக்குக் கேட்டதா என்பது கணக்கில் இல்லை. கூடையோடு குனிந்திருக்கும் அம்மா, யாரும் சொல்லாமல் தலையை நிமிர்த்தவேண்டும்.

நிமிரவில்லை என்றால், ஒலிபெருக்கியை இன்னும் மேலே கட்டுவோம். பேனர் காத்திருக்கட்டும்.